கிட்டார் டெம்ப்ளேட்டும் வீணை மெழுகும்: தென்காசி மண்ணின் ஆபிரகாம் பண்டிதர் எதை அளந்தார்?

எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும் வீடியோ எப்போதாவது உங்கள் ரீல்ஸில் வந்திருக்கும். கிட்டாரின் பின்பக்கத்தில் ஒரு குழி இருக்கும். வால்யூம் கன்ட்ரோல், ஒயர் எல்லாம் அதற்குள்தான். குழியை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. நல்ல கிட்டாரில் அந்தத் தகடு மேலே துருத்தாது. விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, மூடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் பிளைவுட்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ ஓர் அச்சு வெட்டுவார்கள். அதுதான் டெம்ப்ளேட். அதை மரத்தின் மேல் ஒட்டிவிட்டு ரவுட்டர் மெஷினை இறக்குவார்கள். ரவுட்டர் பிட்டில் இருக்கும் சின்ன பேரிங் டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொட்டபடியே சுற்றி வரும். டெம்ப்ளேட் எந்த வடிவமோ, மரத்திலும் அதே வடிவம் விழும். மூடி உட்காரும் படியை அகலமான டெம்ப்ளேட் வைத்தும், உள்ளே இருக்கும் ஆழமான குழியைச் சின்ன டெம்ப்ளேட் வைத்தும் வெட்டுவார்கள். மூடி 3 மி.மீ. தடிமன் என்றால் படியும் 3 மி.மீ. ஆழம்தான். அரை மி.மீ. கூடினாலும் நகம் மாட்டும். ரவுட்டர் பிட் வட்டமாகச் சுற்றுவதால் கூர்மையான மூலையை வெட்ட முடியாது. அதனால் மூடியின் மூலைகளையும் அதே அளவு வளைவோடு தேய்க்க வேண்டும்.

டெம்ப்ளேட்டில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. அது சரியாக இருந்தால் நூறு கிட்டாரும் சரியாக வரும். தப்பாக இருந்தால் நூறும் தப்பு. அதனால் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் டெம்ப்ளேட்டை அளந்து பார்ப்பதுதான் முக்கியமான வேலை.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் நம்ம இசையையே இப்படித்தான் பார்த்தார். ஸ்வரங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் என்று பழைய நூல்கள் ஒரு அளவு சொல்கின்றன. எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். யாராவது அதைத் தந்தியில் வைத்து அளந்து பார்த்தார்களா என்று கேட்டார். அவர் பெயர் ஆபிரகாம் பண்டிதர்.

யார் இவர்?

சங்கரன்கோவிலில் இருந்து சுரண்டை பக்கம் போனால் சாம்பவர்வடகரை வரும். இன்றைக்கு இரண்டு ஊரும் தென்காசி மாவட்டம். அப்போது இரண்டும் திருநெல்வேலி ஜில்லா. அந்தச் சாம்பவர்வடகரையில்தான் 1859 ஆகஸ்ட் 2 அன்று ஆபிரகாம் பிறந்தார். அப்பா முத்துசாமி நாடார், அம்மா அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

அந்தக் காலத்தில் தென்மாவட்டங்களில் படிப்பில் கெட்டியான பையன்களுக்கு முன்னால் இருந்த கௌரவமான வேலைகளில் ஒன்று ஆசிரியர் வேலை. ஆபிரகாமும் திண்டுக்கல் போய் ஆசிரியர் பயிற்சி முடித்து, அங்கேயே பாடம் நடத்தவும் ஆரம்பித்தார். ஆனால் அவர் ஒரே வேலையோடு நிற்கும் ஆள் இல்லை. போட்டோ எடுக்கக் கற்றார். திண்டுக்கல்லில் சடையாண்டி பட்டர் என்பவரிடம் இசை கற்றார். சித்த மருத்துவ ஏடுகளைத் தேடிப் படித்தார். சுருளி மலைப் பக்கம் போய், கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றுக்கொண்டார்.

அந்தக் குருவின் பெயரைக் கடைசி வரை அவர் விடவில்லை. பின்னாளில் அவர் உருவாக்கிய தோட்டத்துக்கும், எழுதிய பெரிய புத்தகத்துக்கும் 'கருணா' என்றே பெயர் தொடங்குவதற்கு அதுதான் காரணம்.

தஞ்சாவூருக்கு ஏன் போனார்?

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். அவரும் ஆசிரியர். அடுத்த வருஷமே இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார்கள். லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் இருவருக்கும் வேலை. கணவன், மனைவி இரண்டு பேரும் சம்பளம் வாங்கும் குடும்பம் என்பது அந்தக் காலத்தில் அபூர்வம்.

பள்ளி வேலையோடு மருத்துவமும் நடந்தது. நோயாளிகள் கூட்டம் கூடக்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. 1890-ல் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேர சித்த மருத்துவரானார். அவருடைய கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாடு தாண்டியும் விற்றன. மக்கள் அவரைப் பண்டிதர் என்று கூப்பிட ஆரம்பித்தது இந்த மருத்துவத்தால்தான். ஊர் வழக்கில் பண்டிதர் என்றால் வைத்தியர். இசை ஆராய்ச்சிக்காகக் கிடைத்த பட்டம் என்று இன்றைக்குப் பலர் நினைப்பது சரியில்லை.

தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் போட்டார். அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது பண்டிதர் தோட்டம். மூலிகையோடு கரும்பு உள்ளிட்ட பயிர்களிலும் புது முறைகளைச் சோதித்தார். 1909-ல் ஆங்கிலேய அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மருந்து செய்கிறவருக்கு அளவு என்பது உயிர் விஷயம். ஏட்டில் ஒரு எடை எழுதியிருக்கும், நோயாளியின் உடம்பு வேறு பதில் சொல்லும். அப்போது ஏட்டைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். இசைக்கு வந்தபோதும் பண்டிதர் இதே பழக்கத்தோடுதான் வந்தார்.

வீணை எப்படி உருவாகிறது?

அவர் சண்டை போட்ட விஷயம் புரிய வேண்டும் என்றால், தஞ்சாவூர் வீணையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீணைக்குப் பலா மரம். குடத்தை உளியால் குடைந்து, மேலே பலகை வைத்து மூடுவார்கள். தண்டியும் உள்ளே குடையப்பட்டு, மேலே பலகையால் மூடப்பட்டதுதான். ஒரே மரத்துண்டில் செய்தால் ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி முகம் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. கிட்டார்க்காரர் ரவுட்டரால் செய்கிற குழி வேலையை இங்கே உளியும் கண்ணும் செய்கின்றன. மூடிப் பலகை சரியாகப் பொருந்தவில்லை என்றால் நாதமே கெட்டுவிடும். கிட்டாரின் பின்மூடி பெரும்பாலும் அழகுக்கும் பாதுகாப்புக்கும். வீணையின் மேல்பலகையோ ஒலியின் ஒரு பகுதி.

அடுத்தது மெட்டு. கிட்டாரில் ஃபிரெட் என்கிறோமே, அதுதான். கிட்டாரில் ஃபிரெட் கம்பியை மரத்தில் வெட்டிய கோட்டுக்குள் அடித்து இறக்கிவிடுவார்கள். பிறகு அது நகராது. அந்தக் கோடுகளை வெட்டவும் இப்போது டெம்ப்ளேட் உண்டு. வீணையில் அப்படி இல்லை. தண்டியின் மேல் தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்பு மெழுகை இரண்டு வரிசையாக வைத்து, அதன் மேல் 24 மெட்டுகளைப் பதிப்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். காதால் கேட்டு, நகர்த்தி, மறுபடி கேட்டு, மெழுகை இறுக்குவார்கள். நாளாக நாளாக மெழுகு இளகும், மெட்டு நகரும். திரும்பவும் கட்ட வேண்டும்.

24 மெட்டும் நிலையாக இருக்கும் இந்த வீணை, 17-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பது வழக்கு. பண்டிதர் குடியேறிய ஊரே வீணை பிறந்த ஊர். அவர் வீட்டிலும் வீணை ஒலித்தது. மகள்களும் இசை கற்றார்கள். பண்டிதரே கீர்த்தனைகள் எழுதி, ஸ்வரக் குறிப்போடு அச்சிட்டார். இசையை எழுத்தில் துல்லியமாகக் குறிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது.

22-ல் என்ன பிரச்சினை?

13-ம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்த சாரங்கதேவர் எழுதிய நூல் சங்கீத ரத்னாகரம். ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதிகள் என்று அது சொல்கிறது. ஷட்ஜத்தில் இருந்து பஞ்சமம் 13 சுருதி தூரம், மத்திமம் 9 சுருதி தூரம். இசை மேடைகளில் இதுதான் கேள்வி கேட்காத வேதம்.

ஆனால் கையில் இருக்கும் வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. 22 எப்படி 12-க்குள் உட்காரும்?

பண்டிதர் கணக்குப் போட்டார். அவருடைய வாதத்தை இன்றைய செ.மீ. அளவில் நாமே சோதித்துப் பார்க்கலாம். 80 செ.மீ. நீளத்தில் ஒரு தந்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில், அதாவது 40 செ.மீ.யில் விரல் வைத்தால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் இயல்பான பஞ்சமம். அது 53.33 செ.மீ.

இப்போது ஸ்தாயியை 22 சம பாகமாகப் பிரித்து, 13-வது இடத்தில் மெட்டு வைத்தால் ஒலிக்கும் நீளம் 53.11 செ.மீ. இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம். தம்பூரா ஒலிக்கும்போது பழகிய காது இதைப் பிடித்துவிடும். மத்திமமும் அப்படித்தான். இயல்பான இடம் 60 செ.மீ., 22 கணக்கில் 60.25 செ.மீ. இங்கேயும் இரண்டரை மி.மீ. இடறுகிறது.

அதே தந்தியை 12 சம பாகமாகப் பிரியுங்கள். பஞ்சமம் 53.39 செ.மீ., மத்திமம் 59.93 செ.மீ. வித்தியாசம் ஒரு மி.மீ.க்கும் கீழே. 12-ஐ இரட்டித்து 24 ஆக்கினாலும் இந்த இடங்கள் மாறாது. நடுவில் நுட்பமான இடங்கள் மட்டும் கூடும்.

பண்டிதரின் முடிவு இதுதான்: சுருதிகள் சமமானவை என்றால் 22 என்பது தந்தியில் நிற்காது. 12 ஸ்வர இடங்கள்தான் அடிப்படை, அவை 24 ஆகவும், கமகத்தின் நுட்பத்துக்கு 48, 96 ஆகவும் பகுபடும். டெம்ப்ளேட்டில்தான் தப்பு, வீணையில் இல்லை என்பது அவர் கட்சி.

சிலப்பதிகாரம் எங்கே வந்தது?

தப்பு என்று சொன்னால் மட்டும் போதாதே, சரியான அளவு எங்கே இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அந்தத் தேடல் அவரைச் சிலப்பதிகாரத்துக்குக் கொண்டு போனது.

உ.வே. சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டிருந்தார். அதுவரை ஏட்டுச்சுவடிகளில் முடங்கியிருந்த இசைக் குறிப்புகள் முதல்முறையாகப் பலர் கைக்கும் வந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளும், ஆயப்பாலை, வட்டப்பாலை போன்ற முறைகளும் அதில் பேசப்படுகின்றன. வட்டப்பாலையில் 12 ராசிகள் போல 12 வீடுகள்.

குரலில் இருந்து இளி, அந்த இளியைக் குரலாக வைத்து அதற்கு ஒரு இளி என்று போய்க்கொண்டே இருந்தால் 12 இடங்களும் வந்துவிடும். இன்றைய மொழியில் ஷட்ஜ–பஞ்சம முறை. இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே 12 முறை போனால் 129.75 வரும். ஏழு ஸ்தாயி ஏறினால் வர வேண்டியது 128. வட்டம் மூடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும். உலகம் முழுக்க வாத்தியம் செய்கிறவர்கள் மோதிய சுவர் இது. ஒவ்வொரு பஞ்சமத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைத்து, 12 பாகத்தையும் சமமாக்கினால் வட்டம் மூடிவிடும். பியானோவும் கிட்டாரும் அதைத்தான் செய்கின்றன. வட்டப்பாலையின் 12 வீடும் சமம்தான் என்று பண்டிதர் வாசித்தார். தமிழர்களுக்கு இந்த அளவு முன்பே தெரியும் என்பது அவர் வாதத்தின் உச்சம்.

தன் காசில் மாநாடு

இதை வீட்டுக்குள் எழுதி வைத்துக்கொண்டு அவர் திருப்திப்படவில்லை. 1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை பல மாநாடுகளைக் கூட்டினார். வித்வான்கள் வந்தார்கள், வாதம் செய்தார்கள், கோபப்பட்டார்கள். செலவு பெரும்பாலும் பண்டிதருடையது. மாத்திரை விற்ற காசு சுருதிக் கணக்குக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். சபா குடும்பப் பின்னணி இல்லை, பெரிய குரு பரம்பரை இல்லை. தெற்கத்தி ஊரில் இருந்து வந்த ஒரு கிறிஸ்தவ வைத்தியர், கர்னாடக இசையின் இதயமான தஞ்சாவூரில் நின்றுகொண்டு, எல்லோரும் மதிக்கும் நூலின் அடிப்படை எண்ணே தப்பு என்கிறார். தோற்றால் மானம் போகும். வைத்தியத்தில் சம்பாதித்த நல்ல பெயரும் அதோடு சேர்ந்து போகலாம். தெரிந்தேதான் இறங்கினார்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில், விஷ்ணு நாராயண் பாத்கண்டே முன்னின்று நடத்தியது. 22 சுருதி அப்போது சூடான விவாதம். கே.பி. தேவல், இ. கிளெமென்ட்ஸ் போன்றவர்கள் அந்த 22-க்கு ஏற்ப ஹார்மோனியமே வடிவமைக்க முயன்ற காலம். அதாவது, இரண்டு தரப்புமே தங்கள் கணக்கை வாத்தியமாக்கிக் காட்டத் துடித்தன. பண்டிதர் தன் மகள்களோடு பரோடா போனார். அவர் கணக்கை விளக்க, மகள்கள் பாடியும் வாசித்தும் காட்டினார்கள். மேடையில் பெண்கள் ஆராய்ச்சிக்குச் சான்று காட்டியது 1916-ல் சாதாரண விஷயம் இல்லை.

மாநாடு அவர் கட்சியை ஏற்று முடிவு எதையும் எடுத்துவிடவில்லை. ஆனால் 22-ஐக் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே பதிவாகிவிட்டது.

கடலளவு புத்தகம்

அடுத்த வருஷம், 1917-ல், 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 1,300 பக்கங்களுக்கும் மேல். அட்டவணை அட்டவணையாகத் தந்தி நீளக் கணக்குகள், பழைய நூல்களின் ஒப்பீடு, மாநாட்டு விவாதங்கள். இப்படி ஒரு புத்தகத்தை வெளியே அச்சடிக்கக் கொடுத்தால் முடியாது என்று தஞ்சாவூரில் சொந்தமாக லாலி அச்சகத்தை நடத்தி அதிலேயே அச்சிட்டார்.

இரண்டு வருஷம்தான். 1919 ஆகஸ்ட் 31 அன்று, 60 வயதில் பண்டிதர் காலமானார். ராகங்கள் பற்றிய இரண்டாம் பாகத்தை அவர் அச்சில் பார்க்கவில்லை. குடும்பத்தார் முயற்சியில் அது 1946-ல் வெளிவந்தது.

அவர் சொன்னது சரியா?

பாதி சரி, பாதி இன்னும் விவாதத்தில்.

22 சுருதியைச் சம பாகமாக வைத்தால் பஞ்சமம் பொருந்தாது என்ற கணக்கில் ஓட்டை இல்லை. மேலே நாம் போட்ட அளவே சாட்சி. ஆனால் எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கிறது. அந்த 22-ம் சமம் என்று யார் சொன்னது? பெரிதும் சின்னதுமான இடைவெளிகளாக அவற்றை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு மாதிரி போகும். சாரங்கதேவர் இரண்டு வீணைகளில் 22 தந்தி வீதம் கட்டி, அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே வேறு ஒலி நுழையாதபடி ஏற்றச் சொல்கிறார். அதைச் சமம் என்று பண்டிதர் வாசித்தார். மற்றவர்கள் அப்படி வாசிக்கவில்லை.

இன்னொன்று, பாடுகிறவர் குரல் மெட்டு மெட்டாக நிற்பதில்லை. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் இல்லை, ஒரு அசைவில் இருக்கிறது. 24 ஆனாலும் 96 ஆனாலும் நிலையான கோடுகளுக்குள் கமகத்தை அடக்க முடியுமா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. வீணையில் மெட்டு 12-ல் நின்றாலும், தந்தியை இழுத்துத்தான் மிச்ச இசை பிறக்கிறது.

ஆனால் அவர் திறந்த பாதை மூடவில்லை. இசைத் தமிழுக்கென்று தனி இலக்கணம் உண்டு என்ற பேச்சு அவருக்குப் பிறகு வலுத்தது. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1947-ல் இலங்கையின் விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' வெளியிட்டு, மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார். பழைய பாட்டைப் படித்து வாத்தியத்தை அளக்கும் இந்த வழியில் முதல் பெரிய அடி பண்டிதருடையது.

இன்றைக்கு நமக்கு என்ன?

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறைகளில் இன்றும் மேளம் கட்டுவது காதை நம்பித்தான். இன்னொரு பக்கம், கிட்டார் கற்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டியூனர் ஆப் பச்சை காட்டினால் சரி என்று நம்பிவிடுகிறோம். அந்தப் பச்சைக்குப் பின்னால் 12 சம பாகம் என்ற ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டில் கிட்டார் இருந்தால் ஒரு டேப் எடுங்கள். 648 மி.மீ. தந்தி நீளம் உள்ள கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேலே நட்டில் இருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்தால் சரி பாதி, 324 மி.மீ. வரும். 7-வது ஃபிரெட் வரை அளந்தால் 215.5 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு என்றால் 216 வந்திருக்க வேண்டும். அரை மி.மீ. குறைகிறது. பின்மூடியில் அரை மி.மீ. பிசகினால் நகம் மாட்டும். இங்கே அந்த அரை மி.மீ.யை விட்டுக்கொடுத்துத்தான் 12 ஸ்வரமும் ஒரே வட்டத்துக்குள் நிற்கின்றன. சாம்பவர்வடகரைக்காரர் ஆயிரத்து முந்நூறு பக்கம் எழுதியது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.